இருபத்துமூன்று வாசல்கள்

சங்கத்தில் எல்லோரும் அவரை ரூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்தில் பதினேழு வருஷம் ரேஷன் லாரி ஓட்டியவர். மலைப் பாதையில் எந்த வளைவுக்கு எந்த கியர், எந்தப் பாலத்தில் ஒரு லாரிக்கு மேல் ஏறக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அங்கிருந்து வந்த பிறகு இருபத்திரண்டு வருஷம் ரத்த வங்கியின் வேன் ஓட்டினார். ஐஸ் பெட்டியில் ரத்தப் பைகளை அடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடியதில், எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் விழும், எந்த சிக்னல் எத்தனை நொடி நிற்க வைக்கும் என்பதும் மனப்பாடம். ஆனால் ரூட்டு என்ற பெயர் லாரியாலும் வரவில்லை, வேனாலும் வரவில்லை. செத்துப்போனவர்களின் வீடுகளுக்கு வழி போட்டுக் கொடுத்ததால் வந்தது.

முன்னாள் ராணுவத்தினர் மோட்டார் சைக்கிள் சங்கம் ஆரம்பித்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. மூடிக் கிடந்த டயர் கிடங்கு ஒன்றின் பின்பக்க ஷெட்தான் சங்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாதி நேரம் ரிப்பேர், பாதி நேரம் வாய்ச் சண்டை. வீட்டில் சொல்ல முடியாததை ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்பதுதான் அந்த இடத்தின் விசேஷம். "அங்க போய் அப்படி என்னதான் பேசுவீங்க?" என்று மனைவி கேட்டால், "கார்புரேட்டர்" என்பார். பொய் இல்லை. கார்புரேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே வேறு எதைப் பற்றியோதான் பேசுவார்கள்.

முதலில் போனவர் கேப்டன். அவர் எந்தக் காலத்திலும் கேப்டனாக இருந்ததில்லை, ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்து வந்தவர். குரலும் மீசையும் அப்படி இருந்ததால் சங்கத்தில் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். அவர் போன அடுத்த வருஷம், அதே நாளில், ஒருவருக்கும் சொல்லாமல் இருபது பேர் அவர் வீட்டு வாசலில் வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு நிமிஷம் எஞ்சின்களை ஓட விட்டு ஒரே நேரத்தில் அணைத்தார்கள். அந்தத் திடீர் அமைதியில் ரூட்டு அவருடைய முழுப் பெயரையும் படை எண்ணையும் உரக்கச் சொன்னார். கேப்டனின் மனைவி வெளியே வந்து, முன்னால் நின்ற வண்டியின் டேங்க்கில் கையை வைத்தார். சூடாக இருந்திருக்கும். கையை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் அவரே போன் செய்து, "இந்தத் தடவையும் வருவீங்கல்ல?" என்று கேட்டார். அதற்குள் இன்னொருவர் போயிருந்தார். இரண்டு வாசல். அப்புறம் நாலு, ஏழு, பதினொன்று. யார் எப்போது போனாலும் சரி, எல்லோருக்கும் கேப்டன் போன நாளை ஒட்டி வரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ரூட்டு புதிய வரைபடம் போட்டு, ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வருவார். வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி. முதல் வருஷம் ஆறு கிலோமீட்டரில் முடிந்த பயணம், பத்தொன்பதாவது வருஷம் நூற்றெண்பத்தேழு கிலோமீட்டராக நீண்டுவிட்டது. போகவேண்டிய வாசல் இருபத்துமூன்று. சங்கத்தில் மிச்சம் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் வண்டியில் ஏறி உட்காரும் நிலையில் இருந்தவர்கள் நாலே பேர்.

ரூட்டுக்கு அப்போது எழுபத்தொன்று. இடது முழங்கால் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. உதைத்துக் கிளப்பும் பழைய வண்டியை விற்றுவிட்டு, பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டிக்கு மாறி மூன்று வருஷம். அது அவருக்கு வெளியே சொல்லிக்கொள்ள முடியாத அவமானம். இரண்டாமவர் ராணுவ மெஸ்ஸில் முந்நூறு பேருக்குச் சமைத்தவர், பெயரும் சமையல்தான். தொப்பை டேங்க்கின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மூன்றாமவர் வெல்டர். ஒரு கண்ணில் ஆபரேஷன் சரியாக வரவில்லை, அதனால் எப்போதும் இடது ஓரமாகவே போவார். நாலாவது, எல்லோரும் தங்கச்சி என்று கூப்பிடும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண். ராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டியவர், இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். சங்கத்தில் சேர்ந்து எட்டு வருஷம்தான்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிறு, ஷெட்டில் தங்கச்சிதான் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. இந்த வருஷம் எல்லாரையும் இங்கயே வரச் சொல்லிடலாம். இருபத்துமூணு பேரோட பேரையும் இங்க வச்சே படிச்சிடுங்க. வேன் வச்சு வீட்டாளுங்கள நானே கூட்டிட்டு வர்றேன்."

"கூப்பிட்டு வந்தா அது வெறும் கூட்டம்" என்றார் ரூட்டு. "நாம அவங்க வாசலுக்குப் போறது வேற."

"வேறதான். ஆனா உங்க காலப் பாத்தீங்களா? ஒண்ணுக்கு ரெண்டா வீங்கி நிக்குது."

"கால் என் கால்தானே."

சமையல் நடுவில் புகுந்தார். "எனக்குக் கால் பிரச்சனை இல்ல. அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தணும், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் சங்கம்னு பேரு வச்சதுக்கு மூத்திர சங்கம்னு வச்சிருந்தா இன்னும் நாலு பேரு சேந்திருப்பான்."

வெல்டர் சிரித்தார். ரூட்டு சிரிக்கவில்லை. தங்கச்சி அதற்கு மேல் வற்புறுத்தவும் இல்லை.

பயண ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். கேப்டன் வீட்டில் அந்த அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது சுத்தமாகக் கேட்காது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடும்போதே எழுந்து வந்து டேங்க்கில் கையை வைத்தார். அது நின்றதைக் கையால்தான் தெரிந்துகொண்டார். "இப்ப சொல்லு" என்று ரூட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலாவது வீடு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. செத்தவரின் குடும்பம் காலி செய்துவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. காவலாளி புதியவர். "யார் வீட்டுக்கு?" என்று கேட்டார். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ரூட்டுக்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் யாரோ ஒரு பெண் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். நான்கு கிழட்டு வண்டிகள் ஒரு நிமிஷம் உறுமிவிட்டு ஓய்ந்தன, ஒருவர் யாரோ ஒருவருடைய பெயரைக் கத்தினார். அவள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே உள்ளே போய்விட்டாள்.

"அவங்கதான் இங்க இல்லையே அண்ணே" என்றார் தங்கச்சி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

"அவன் இங்கதான இருந்தான்."

அதற்குப் பதில் சொல்வதில் பிரயோஜனம் இல்லை என்று தங்கச்சிக்குத் தெரியும். கிக்கரை உதைத்தார்.

ஒன்பதாவது வீட்டை நெருங்கும்போது மணி பத்தரை, வெயில் முதுகில் ஏறிவிட்டது. அந்த வீட்டுக்காரர் சங்கத்தில் இருந்தவர்களிலேயே அமைதியானவர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முந்தின ஞாயிறுதான் ஷெட்டில் ரூட்டின் வண்டிக்குச் செயின் மாற்றிக் கொடுத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருந்தார், யாருக்கும் காதில் விழவில்லை. இதை நினைத்து நினைத்து ரூட்டுக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் நினைப்பு விட்டபாடில்லை.

வண்டிகள் நிற்பதற்கு முன்பே மகன் வெளியே வந்தான். பாங்கில் வேலை பார்ப்பவன், முப்பத்தைந்து வயது இருக்கும். கேட்டைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றான்.

"எஞ்சின ஆஃப் பண்ணுங்க."

அணைத்தார்கள்.

"சார், உங்க எல்லாரு மேலயும் எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இனிமே வராதீங்க."

"என்னப்பா, நாங்க ஏதாவது..."

"நீங்க ஒண்ணும் பண்ணல. எங்கப்பா எப்படிப் போனாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். என் பொண்ணுக்குத் தெரியாது. ஏழு வயசு. போன வருஷம் நீங்க போனதும் கேட்டா, தாத்தாவுக்கு என்ன ஆச்சு, ஏன் கத்தறாங்கன்னு. கதவ ஒடைச்சது நான் சார். உங்க வண்டிச் சத்தம் கேட்டா எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வருது."

ரூட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். "சரிப்பா" என்று மட்டும் சொன்னார். வண்டிகளை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார்கள். நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. சமையல் ஒரு கடை நிழலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. அந்த நாலு வாசலும் ரூட்டுக்குச் சரியாக ஞாபகமே இல்லை. பெயரைச் சொன்னார், டேங்க்கில் யாரோ கை வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். பதின்மூன்றாவது வீட்டில் படை எண்ணில் ஒரு இலக்கம் தவறிவிட்டது. திருத்திச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

பதினாலாவது, கம்பவுண்டர் வீடு. ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். அவர் மனைவிதான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். பெயர் சொல்லி முடித்ததும் ரூட்டு வண்டியை விட்டு இறங்கப் பார்த்தார், இடது கால் தரையில் ஊன்றவில்லை. தங்கச்சி அக்குளில் கை கொடுத்துப் பிடித்தார். அந்த அம்மாள் முழங்காலைப் பார்த்த பார்வையிலேயே பாதி வைத்தியம் தெரிந்தது.

"உள்ள வந்து உக்காருங்கண்ணே. அஞ்சு நிமிஷம். ஐஸ் வைக்கிறேன்."

"அஞ்சு நிமிஷம்தான்மா. இன்னும் ஒம்பது இருக்கு."

கம்பவுண்டர் உட்கார்ந்த சாய்வு நாற்காலி. மேலே மின்விசிறி. துணியில் சுற்றிய ஐஸ் முழங்காலில் இறங்கியபோது, ஐயோ என்று இருந்தது, அப்புறம் அப்பாடா என்று இருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

கண் விழித்தபோது ஜன்னல் வெளிச்சம் இடம் மாறியிருந்தது. சமையல் தரையில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெல்டர் பெஞ்சில் சுருண்டிருந்தார். தங்கச்சி மட்டும் வாசற்படியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மணி என்ன?"

"மூணே முக்கால்."

"ஏன் எழுப்பல?"

"எழுப்பினேன். 'ரத்தத்த இறக்கியாச்சா'ன்னு கேட்டீங்க. ஆச்சுன்னு சொன்னேன். திரும்பியும் தூங்கிட்டீங்க."

ரூட்டு எழுந்து நின்று பார்த்தார். நிற்க முடிந்தது, மடக்க முடியவில்லை. வெல்டரின் வண்டியில் கிளட்ச் ஒயர் அறுந்திருந்தது. சமையலை எழுப்பினால், தலை சுற்றுகிறது என்று மறுபடி படுத்துக்கொண்டார். வரைபடத்தை எடுத்து மிச்சமிருந்த ஒன்பது சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் மழை பெய்திருக்கிறது, வண்டி நின்றிருக்கிறது, ஒரு தடவை சமையல் சாக்கடையிலேயே விழுந்திருக்கிறார். பயணம் நின்றதில்லை.

"வீட்டுக்குப் போலாம்" என்றார். தங்கச்சி அவரைத் தன் வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்.

மனைவி கதவைத் திறந்து, அவர் பின்சீட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே வழி விட்டார். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப் அடித்தவர். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நன்றாகத் தெரியும். ரூட்டே சொன்னார். "பதினாலோட நின்னுபோச்சு."

"போகட்டும். யாரு கேக்கப் போறா? பாதி வீட்டுல ஆளே இல்லைங்கறீங்க."

ரூட்டும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு போன் அடித்தது.

முதல் ஆள் பதினேழாவது வீட்டுக்காரரின் தம்பி. "அண்ணி காலையில இருந்து வாசல விட்டு நகரல சார். லேட் ஆகுமா? சாப்பிடச் சொல்லலாமான்னு கேக்கத்தான்." அதை வைத்ததும் அடுத்தது. பத்தொன்பதாவது வீட்டு அப்பா. மகனைப் பறிகொடுத்தவர், தொண்ணூற்றிரண்டு வயது. "தம்பி, இன்னிக்குத்தானே? நான்தான் தேதிய மாத்தி வச்சுட்டேனா? எனக்கு இப்பல்லாம் கொஞ்சம் தடுமாறுது" என்றார். தவறு தன்னுடையதுதான் என்று அந்தக் கிழவர் தீர்மானமாக நம்பியது ரூட்டுக்குத் தாங்கவில்லை. "இல்லய்யா, நாள் சரிதான். நாங்கதான் வரல" என்று மூன்று தடவை சொன்னார்.

மூன்றாவது போன், இருபதாவது வீட்டுக்கு எதிரில் சலூன் வைத்திருப்பவரிடமிருந்து. சொந்தமும் இல்லை, சங்கமும் இல்லை. "வருஷா வருஷம் நீங்க வர்றப்ப கத்தரிய வச்சுட்டு வெளிய வந்து நிப்பேன் சார். இன்னிக்கு ஒருத்தருக்குப் பாதி மீசையில நிறுத்தி வச்சு வெளிய போய்ப் பாத்தேன். அவரு கோச்சுக்கிட்டாரு. உங்களுக்கெல்லாம் உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

நாலாவது போனை மனைவியே எடுத்துப் பதில் சொன்னார். வைத்துவிட்டு, "இது என்ன வீடா, விசாரணை ஆபீஸா?" என்று முணுமுணுத்தார். ஆனால் குரலில் காட்டம் இல்லை. அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இவ்வளவு பேரு காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் ரூட்டு. உண்மையாகவே தெரியாது. பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடுவதிலேயே பத்தொன்பது வருஷமும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஐந்தாவது போன் வந்தது. யார் என்று முதலில் விளங்கவில்லை. இருபத்தோராவது வீடு என்றது ஒரு பெண் குரல். அது புயலின் வீடு. புயல் சங்கத்திலேயே பெரிய அடாவடி. இரண்டு தடவை சண்டை போட்டு ஷெட்டுக்கு வராமல் தடுக்கப்பட்டவர், இரண்டு தடவை மனைவியை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர். அந்த வீட்டு வாசல் பத்து வருஷமாக ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. மூடின கதவுக்கு முன்னால் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே அவருக்காக யாரும் இல்லை என்றுதான் ரூட்டு நினைத்திருந்தார்.

"நேத்து வரலையே" என்றது குரல்.

"உடம்பு முடியலம்மா. நீங்க பாக்கறதுண்டா? கதவு மூடியேல்ல இருக்கும்?"

"மாடி ஜன்னல்ல நிப்பேன். கீழ வர மாட்டேன்." அப்புறம் அவரே தொடர்ந்தார். "நேத்து எட்டு மணிக்கு நின்னவ, விளக்கு போடற வரைக்கும் நின்னேன். எனக்கே வெக்கமா போச்சு."

அன்று முழுக்க ரூட்டு வரைபடத்தையே விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை சட்டை போட்டுக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்று மனைவி கேட்டார். பஸ்ஸில் ஒன்பது வீட்டுக்கும் போய் வரப்போவதாகச் சொன்னார். "இந்தக் காலோட பஸ் படி ஏறி விழுந்தீங்கன்னா, இருபத்துநாலாவது வாசல் நம்ம வாசல்தான்" என்று சொல்லிவிட்டு, மனைவியும் செருப்பை மாட்டினார்.

நாலு நாள் ஆனது. ஒவ்வொரு பஸ்ஸிலும் மனைவி முதலில் ஏறி, கையை நீட்டி அவரை இழுப்பார். வண்டி இல்லாமல், குடையோடு ஒரு வாசலில் நிற்பது முதல் நாள் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அணைப்பதற்கு எஞ்சின் இல்லை. பெயரை எப்போது சொல்வது என்று தெரியாமல் தடுமாறினார். பதினேழாவது வீட்டு அண்ணி, "உக்காந்தே சொல்லுங்க, பரவால்ல" என்றார். உட்கார்ந்தபடி, சாதாரணக் குரலில் சொன்னார். அது வேறு மாதிரி இருந்தது. யாரோ ஒருவரைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்வது போல. சொன்னதும் அந்த அம்மாள் தன் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசினார். அவர் இருட்டில் பாத்ரூம் போகப் பயப்படுவார் என்பதும், பதினைந்து வருஷம் விளக்கு அணைக்காமல்தான் தூங்கினார்கள் என்பதும் ரூட்டுக்கு அன்றுதான் தெரியும்.

தொண்ணூற்றிரண்டு வயது அப்பா, "வண்டி எங்க?" என்று கேட்டார்.

"வரலய்யா. நான் மட்டும்தான்."

"நீ வந்தியே, அது போதும். வண்டி எதுக்கு."

சலூன்காரர் எதிரிலிருந்து கத்தரியோடு வந்து நின்றார். ரூட்டுக்கு முடி வெட்டிவிட்டுத்தான் விட்டார்.

புயல் வீட்டுக் கதவு அன்று திறந்திருந்தது. புயலின் மனைவி படியேறி மாடிக்குக் கூட்டிப் போனார். ரூட்டு ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் ஏறினார். ஒரு அறை, ஒரு கட்டில், தையல் மெஷின், ஜன்னல். சுவரில் புயலின் படம் இல்லை.

"எனக்கு அந்த ஆளு மேல பெரிய பாசம்லாம் கிடையாது" என்றார் அவர், இவர்கள் உட்காருவதற்கு முன்பே. "படுத்தாத பாடு இல்ல. செத்தப்ப அழுகைகூட வரல. கீழ வந்து நின்னா நான் மன்னிச்சிட்டேன்னு ஆயிடும்ல? அதான் வரல."

"அப்புறம் ஏம்மா நின்னீங்க?" ரூட்டின் மனைவி கேட்டார்.

அவர் ஜன்னல் திரையை இழுத்து நேராக்கினார். "இவங்க பேரச் சொல்றப்ப, வேற யாரோ ஆள் மாதிரி இருக்கும். அந்த நம்பர், அந்த முழுப் பேரு. கல்யாணத்துக்கு முன்னாடி பாத்த ஆள் மாதிரி. வருஷத்துல ஒரு நிமிஷம் அந்த ஆள எனக்குப் பிடிக்கும்."

ரூட்டு பெயரைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்த அம்மாள், "சரி" என்று எழுந்து, இருவருக்கும் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அடுத்த ஞாயிறு ஷெட்டில் அவர் புதிய வரைபடத்தைப் பலகையில் விரித்தார். இருபத்துமூன்று வாசலையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிரித்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் உட்கார வேண்டும், ஓட்ட முடியாதவர்கள் தங்கச்சியின் காரில் வரலாம் என்றார். அப்புறம் பேனாவை எடுத்து ஒன்பதாவது புள்ளியை அடித்தார்.

"அது எப்படிய்யா?" சமையலுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் நம்ம ஆளு. அவன எப்படி விடறது?"

"விடல. அந்தப் பையனுக்கு வருஷா வருஷம் கதவ ஒடைக்க வேண்டியிருக்கு. அதுக்கு நாம எதுக்குப் போகணும்?"

தங்கச்சி எழுந்துபோய் ஷெட் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ரூட்டு அந்த அமைதியான மனிதரின் பெயரை, நாலு பேருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். ஒன்பதாவது வாசலுக்கு இனிமேல் இதுதான் இடம் என்று ஆனது.

இப்போது அவருக்கு எழுபத்துநாலு. வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். தங்கச்சியின் டிரைவிங் ஸ்கூல் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து வருவார். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழக்கதோஷத்தில் அதை மிதித்துவிடுவார், தங்கச்சி முறைப்பார். போன வருஷம் சமையல் போய்விட்டார். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இந்த வருஷம் அவர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனபோது ரூட்டுக்குக் குரல் எழும்பவில்லை. வெல்டர்தான் பெயரைச் சொன்னார். எண் அவருக்குத் தெரியவில்லை, சமையலின் மகள் உள்ளேயிருந்து சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து பார்த்துப் படித்தாள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பருப்பில் உப்பு போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து முந்நூறு பேர் சாப்பாட்டில் சமையல் இரண்டு தடவை உப்பு கொட்டிய கதையை வெல்டர் சொன்னார். மகள் அதைக் கேட்டதே இல்லையாம்.

அன்று மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் வீடு திரும்பினார். ஷூவைக் கழற்ற மனைவி உதவினார். சட்டையோடு கட்டிலில் சாய்ந்தார்.

"இன்னிக்கு யாரு யாரு வெளிய வந்தாங்க?" என்று மனைவி கேட்டார்.

முதல் வாசலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். யார் இளைத்துப்போயிருந்தார்கள், யார் வீட்டில் வெள்ளை அடித்திருக்கிறார்கள், யாருடைய பேத்திக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஐந்தாவது வீட்டுக்கு வந்தபோது வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடைவெளி விழ ஆரம்பித்தது. ஆறாவது வீட்டின் கதவைத் திறந்தது யார் என்று சொல்வதற்குள் தூங்கிப்போனார். மனைவி அவர் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தார்.